தலைசிறந்த நாவல் எது?

தமிழில் தலைசிறந்த நாவல் எதுவென வினவின், ஈழத்து வாசகரிற் பலர் சற்றுந் தயங்காது 'பொன்னியின் செல்வன்' என்பர். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த அக்கதை பெருந்தொகையான வாசகரைக் கட்டிவைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் சுவைத்த நூலெல்லாம் சிறந்த நூலாகிவிடுமா?

இக்கதையின் ஒரு பகுதி ஈழத்திலேயே நிகழ்கின்றது. அநுராதபுரத்திலே பௌத்த பிக்குகள் அளிக்க முன்வரும் முடியை அருள்மொழிவர்மன் ஏற்க மறுக்கின்றான். வாசகர் உள்ளம் பூரிக்கும் இடம் அது. வரலாறு கூறுவதோ வேறு. அதே இளவரசன் இராசராசனாகி அரியணையேறியபின், 993ஆம் ஆண்டளவில் சோழர் படை இந்நாட்டின்மீது பாய்ந்தது, அநுராதபுரம் அழிவுற்றது, பொலன்னறுவை சோழரின் ஆட்சித் தலமாயிற்று. கற்பனை கற்பனையாகவே வாசிக்கப்படின் குற்றமில்லை. அதனையே சரித்திரமெனக் கொண்டு, சோழர் பெருமையில் தம் பெருமையைக் காண்போரே பலர். 2022இலும் 2023இலும் அது திரைப்படமாக வந்தபின், நூலைத் திறவாதோரும் இத்தீர்ப்பில் இணைந்துகொண்டமை வேடிக்கையே!

இவர்கள் ஒப்புநோக்கிய நூல்கள்தாம் எவை? கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தோட்டத் தொழிலாளரின் கதை. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை அம்மண்ணின் பேச்சிலேயே காட்டுவது. பொன்னியின் செல்வனை நான்கு முறை படித்ததாய்ப் பெருமைகொள்வோரிடம், பஞ்சமரை ஒருமுறையேனும் படித்ததுண்டா எனக் கேட்டால், "அது நாவலா? பிரசாரமல்லவா!" என்ற மறுமொழியே கிடைக்கின்றது. சோழர் புகழ் பாடுவது மட்டும் பிரசாரமாகாதோ?