'கூடாது' வேறு, 'வேண்டியதில்லை' வேறு

கண்டி நகரின் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் காணும் எழுத்துப் பிழைகளைப் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்பி நகைப்பது பலருக்கும் பொழுதுபோக்காகிவிட்டது. நானும் நகைத்ததுண்டு. ஆனால் கொம்பு இடம்மாறினால் வாசிப்பவர் தாமே திருத்திக்கொள்வார். எதிர்மறையை மாற்றிப்போடும் பிழை அத்தகையதன்று. எழுத்துச் சரியாக இருக்கும், இலக்கணமும் சரியாக இருக்கும்; பொருள் மட்டும் தலைகீழாக நிற்கும்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து மருந்தகமொன்றின் துண்டில் இவ்வாறு கண்டேன்: 'வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டியதில்லை.' அதற்கு மேலே சிங்களத்தில் 'எபா' என்று தெளிவாக விலக்கியிருந்தார்கள். தமிழிலோ விலக்கு அனுமதியாகிவிட்டது. விரும்பினால் வெறும் வயிற்றிலும் விழுங்கலாம் என்றே தமிழ் மட்டும் அறிந்த தோட்டத்துத் தாய் பொருள் கொள்வாள். வயிறு புண்ணானால் பொறுப்பு யாருடையது?

பிழையின் வேர் இதுதான். 'எபா' என்ற ஒரே சொல் 'எனக்கு வேண்டாம்' என்பதற்கும் 'செய்யாதே' என்பதற்கும் ஆகும். நம் 'வேண்டாம்' என்பதும் அவ்வாறே. அதுவரை குற்றமில்லை. கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டுமே என்று அதை 'வேண்டியதில்லை' என நீட்டினார்களே, அங்கேதான் விலக்கு மறைந்தது.

சிங்களத்தைப் பழிக்கவும் இடமில்லை. 'நெத', 'நொவே' என்று அங்கும் இரண்டுண்டு. நம் 'இல்லை', 'அல்ல' போல. 'கட்டணம் இல்லை' என்பதும் 'கட்டணம் அல்ல' என்பதும் ஒன்றென்று எந்தச் சிங்கள எழுதுநரும் சொல்லமாட்டார். (ஒருமைக்கு 'அன்று' என்பதே மரபு என்று பண்டிதர்கள் கடிந்துகொள்வர். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.)

சட்டம் வரைந்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். நமது அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை சித்திரவதையை 'ஆகாது' என்ற முடிபால் விலக்குகிறது. அங்கே 'வேண்டியதில்லை' என்று எழுதியிருந்தால் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

'ஸ்டார் ட்ரெக்' திரைப்படத்துக்காக மார்க் ஒக்ரான்ட் புனைந்த கிளிங்கன் மொழியின் அகராதி 1985 இல் வெளிவந்தது. அதில் 'இல்லை' என்று கூற ஒரு விகுதி, 'செய்யாதே', 'மாட்டேன்' என்பவற்றுக்கு வேறொரு விகுதி. ஏவலில் முன்னதைச் சேர்த்தால் பிழை. உலகில் இல்லாத ஓர் இனத்தின் மொழிக்குக் காட்டப்பட்ட இந்தக் கவனம், 1987 இல் 13 ஆவது திருத்தத்தால் அரசகரும மொழியான தமிழுக்குக் கிடைக்கவில்லை.

'விளங்கினால் போதாதா?' என்று கேட்கிறார்கள். விளங்குகிறது ஐயா, தவறாக விளங்குகிறது. அதுவே என் முறைப்பாடு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை இருக்கிறது. கண்டியிலிருந்து நாலு மைல், பஸ்ஸும் இருக்கிறது. அச்சகத்துக்கு அனுப்புமுன் அந்த ஒரு வரியை அங்கே காட்டிக் கேட்கலாம் என்று எவருக்கும் தோன்றுவதில்லை போலும்.