சுவரும் பாத்தியதையும்

ஜெருசலேம் நகரிலுள்ள மேற்குச் சுவரைப் பற்றி விவாதம் எழும்போதெல்லாம், அது யாருக்குச் சொந்தமென்பதே முதற்கேள்வியாக நிற்கின்றது. சொந்தம் வேறு, தொழும் பாத்தியதை வேறு என்பதை இருதரத்தாரும் மறந்தமையே இவ்வழக்கு தீராமைக்குக் காரணமென்பது நமது அபிப்பிராயம்.

கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் ஏரோது மன்னன் யூதரின் ஆலயத்தைப் புதுக்கியபோது, அம்மேட்டை விரித்துத் தாங்கும்பொருட்டுத் தொடங்கிய மதிலின் ஒரு பகுதியே இச்சுவர். கி.பி. 70-ல் ரோமாபுரிச் சேனை ஆலயத்தை அழித்தது, மதில் எஞ்சிற்று. இழந்த ஆலயத்தை நினைந்து யூதர் அங்கே கண்ணீர் உகுத்து வந்தனர். முஸ்லிம்களுக்கோ அது ஹரம் ஷரீபின் மதில்; நபிகள் நாயகம் புராக் என்னும் வாகனத்தைக் கட்டிய இடம். ஒரே ஸ்தலம் இருவர்க்கும் புனிதமாயிருத்தலில் குற்றமில்லை.

1928-ம் வருஷம் யூதரின் பிராயச்சித்த நாளன்று, ஆண் பெண்களைப் பிரிக்க வைத்திருந்த திரையொன்றைப் பிரிட்டிஷ் போலீஸார் பலாத்காரமாக அகற்றினர். அதன்பின் வளர்ந்த பகைமை 1929 ஆகஸ்டில் பெருங்கலகமாய் மூண்டது. 133 யூதரும் 116 அராபியரும் மாண்டனர். பின்னர் சுவீடன், ஸ்விட்ஜர்லாந்து, ஹாலந்து தேசத்தார் மூவரடங்கிய கமிஷன் விசாரித்து, சுவரும் அதன்முன்னுள்ள தளமும் முஸ்லிம்களுக்கே சொந்தம். ஆயினும் யூதர் எக்காலத்தும் தடையின்றிச் சென்று தொழலாம். ஆனால் கொம்பு ஊதலாகாது என்று முடிவு கூறிற்று. 1931-ல் அது சட்டமாயிற்று. உடைமையையும் அனுபவ பாத்தியதையையும் பிரித்துணர்ந்த நல்ல தீர்ப்பே அது. ஆயினும், வழக்காடியவர் தாமே கூடிச் செய்த சமாதானமன்று. அந்நிய அரசு விதித்த கட்டளை. யூத இளைஞர் கொம்பை ஒளித்துக் கொணர்ந்து ஊதிச் சிறை புகுந்தனர்.

1948-ல் பழைய நகரம் ஜோர்டான் வசமாயிற்று. மறுவருஷத்து யுத்த நிறுத்த உடன்படிக்கையின் 8-வது ஷரத்து, புண்ணிய ஸ்தலங்களுக்குத் தடையின்றிச் செல்ல வழிகோலிற்று. எனினும் 1967 வரை இஸ்ரேலிய யூதருக்கு அவ்வழி அடைபட்டே கிடந்தது. அவ்வருஷம் ஜூன் மாதம் இஸ்ரேல் அந்நகரைக் கைப்பற்றியது. சில தினங்களுக்குள், சலாஹுதீனின் புதல்வர் தர்மமாக விட்ட மொரோக்கோக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. குடியிருந்தோர் சிறிது நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். இன்று யாத்திரிகர் திரளும் விசாலமான வெளி, அவர் வீடுகள் நின்ற இடமே.

உடைமை கைவந்த பின்னரேனும் சச்சரவு ஒழிந்ததோ? இல்லை. ஆணும் பெண்ணும் கூடித் தொழுவதற்குத் தனியிடம் அமைக்க 2016-ல் இஸ்ரேலிய மந்திரிசபை இசைந்தது. 2017-ல் அதுவே அவ்வேற்பாட்டை நிறுத்தி வைத்தது. ஆக, யூதருள்ளேயே ஒரு சாரார் பாத்தியதை கோரிக் காத்து நிற்கின்றனர்.

ஆட்சிகள் மூன்று மாறின. ஒவ்வொன்றின் கீழும் தொழுகை, ஆள்வோரின் தயவாகவே இருந்தது. திறவுகோல் தம் கையில் இல்லாத காலத்தில் எதைக் கேட்டோமோ, அதனைக் கையில் வந்தபின் பிறர்க்கு மறாது அளித்தலே நீதி. அந்நீதி வழங்காதவரை, வெற்றிகள் எத்தனை வரினும் அச்சுவரடியில் அமைதி வாராதென்க.