பான்டூன் படகும் புரொப்பெல்லர் அளவும்

பான்டூன் படகுக்கு எந்தப் புரொப்பெல்லர் பொருந்தும் என்பதைப் படகின் நீளத்தையோ எஞ்சினின் குதிரைத்திறனையோ மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வழக்கமாக ஏறும் ஆட்களோடும் சாமான்களோடும் த்ராட்டிலை முழுதாகத் திறந்தால் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் காட்டுகிறது என்பதே தீர்மானிக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தயாரிப்பாளர் ஒரு முழுத் த்ராட்டில் வரம்பைக் குறித்திருக்கிறார். 115 குதிரைத்திறன் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பலவற்றுக்கு அது 5000 முதல் 6000 வரை. சுமையோடு அந்த வரம்பின் மேற்பாதிக்கு எஞ்சினைக் கொண்டுவரும் புரொப்பெல்லரே சரியான புரொப்பெல்லர்.

புரொப்பெல்லரில் பொறிக்கப்பட்டிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச்; இரண்டும் அங்குலத்தில். வழுக்கலே இல்லாவிட்டால் ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறக்கூடிய தூரம்தான் பிட்ச். ஒரு அங்குலப் பிட்ச் குறைத்தால் ஆர்பிஎம் ஏறக்குறைய 150 முதல் 200 வரை கூடும். ஒரு அங்குலம் கூட்டினால் அதே அளவு குறையும்.

மற்றப் படகுகளைவிடப் பான்டூனுக்கு இந்தத் தேர்வு கடினமாவதற்குக் காரணம் அதன் உருவம். 1952இல் மின்னசோட்டா மாநிலத்து ரிச்மண்ட் ஊரில் ஆம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களின் மேல் மரத்தளம் அமைத்து மிதக்கவிட்ட அமைப்பே இன்றைய அலுமினியப் பான்டூனுக்கும் அடிப்படை. ஃபைபர் படகு வேகம் பிடித்ததும் நீர்ப்பரப்பின் மேல் எழும்பி ஓடும். இரட்டைக் குழாய்ப் பான்டூன் அவ்வளவாக எழும்புவதில்லை. குழாய்கள் கடைசிவரை நீரை அறுத்துக்கொண்டே போக வேண்டும். போதாக்குறைக்குத் தளத்தைச் சுற்றிய வேலியும் வெயில் கூரையும் காற்றைத் தடுத்து நிற்கின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் சுமை. 22 அடிப் பான்டூன் ஒன்று எஞ்சின் நீங்கலாக ஏறத்தாழ ஒரு டன் இருக்கும். அதில் பத்துப் பேர் ஏறினால், ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தாலும் 750 கிலோ கூடுகிறது. மெக்கானிக் ஒருவர் மட்டும் ஏறி ஓட்டிப் பார்த்த படகும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு புறப்படும் படகும் எஞ்சினைப் பொறுத்தவரை இரண்டு வேறு படகுகள்.

ஒரு மாதிரிக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 115 குதிரைத்திறன் எஞ்சினும் 15 பிட்ச் புரொப்பெல்லரும் பூட்டிய இரட்டைக் குழாய்ப் படகு, மெக்கானிக் தனியாக ஓட்டும்போது 5300 காட்டுகிறது என்று கொள்வோம். வரம்புக்குள் இருப்பதால் படகு விற்பனைக்குப் போய்விடுகிறது. பத்துப் பேர் ஏறியதும் அதே படகு 4800இல் நின்றுவிடுகிறது. 13 பிட்சுக்கு மாறினால் சுமையோடு 5100 முதல் 5200, ஆளில்லாமல் 5600 முதல் 5700 வரை கிடைக்கும். 11 பிட்ச் என்றால் சுமையோடு 5400 முதல் 5600. ஆளில்லாதபோது 5900ஐத் தாண்டி மேல்வரம்பைத் தொடும். வார நாட்களில் இரண்டு மூன்று பேர் மீன் பிடிக்கப் போகும் படகுக்கு 13 போதும். வாரந்தோறும் நிறைய ஆள் ஏறும் படகுக்கு 11தான் பொருந்தும்.

இரண்டுக்கும் நடுவே ஐயம் வந்தால் குறைந்த பிட்ச் பக்கம் சாய்வதே நல்லது. பிட்ச் குறைவாக இருந்து எஞ்சின் அதிகம் சுற்றினால் ஓட்டுபவர் த்ராட்டிலைச் சற்றுத் தணித்துக்கொள்ளலாம். அதையும் மீறினால் எஞ்சினின் சுற்றுக் கட்டுப்பாடு தடுத்துவிடும். பிட்ச் அதிகமானால் அப்படி ஒரு காவல் கிடையாது. மேட்டில் டாப் கியரில் திணறும் வண்டியைப் போல எஞ்சின் குறைந்த சுற்றில் முழுச் சுமையைத் தாங்கி, சிலிண்டர் சூடேறி, கரி படிந்து, பிஸ்டன் வரை பாதிக்கப்படும். உரிமையாளருக்குத் தெரிவதெல்லாம் படகு கொஞ்சம் மந்தமாகப் போகிறது என்பது மட்டுமே.

வழுக்கலையும் கணக்கிட்டுப் பார்ப்பது பயன்தரும். ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1056 என்ற எண்ணாலும் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் போக வேண்டும் என்ற கோட்பாட்டு வேகம் வரும். 5600 ஆர்பிஎம், 13 பிட்ச், 2.07 விகிதம் என்றால் அது 33.3 மைல். ஜிபிஎஸ் 27 மைல் காட்டினால் வழுக்கல் 19 விழுக்காடு. இரட்டைக் குழாய்ப் படகுக்கு இது இயல்பான அளவு. 30ஐத் தாண்டினால் புரொப்பெல்லருக்குக் காற்று கலந்த நீர் போகிறதா, எஞ்சின் அளவுக்கு மேல் உயரத்தில் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விட்டத்தைப் பெரும்பாலும் கியர்பெட்டியே நிர்ணயித்துவிடுகிறது. மெர்க்குரியின் 115 எஞ்சின் சாதாரணமாக 2.07 விகிதத்திலும், கமாண்ட் த்ரஸ்ட் என்ற பெரிய கியர்பெட்டியோடு 2.38 விகிதத்திலும் வருகிறது. 5600 ஆர்பிஎம்மில் முதலாவதில் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2705 முறையும் இரண்டாவதில் 2353 முறையும் சுற்றும். பெரிய விட்டம் மெதுவாகச் சுற்றி அதிக நீரைத் தள்ளுவது பான்டூன் போன்ற கனத்த படகுக்கு ஏற்றது. ஆனால் 2.07 விகிதத்தில் பொருந்திய 13 பிட்சை 2.38க்கும் அப்படியே எடுக்கக் கூடாது; அங்கே அதற்கு ஈடானது ஏறத்தாழ 15.

மூன்று இறக்கையா நான்கா என்றால், திருப்பங்களில் காற்றை இழுக்காமல் பிடிமானம் தருவதிலும், படகை நிறுத்துமிடத்தில் பின்னோக்கி எடுக்கும்போதும் நான்கு இறக்கை நன்றாக உழைக்கும். உச்ச வேகத்தில் சிறிது குறையும். பிட்சையும் வழக்கமாக ஒரு அங்குலம் குறைக்க வேண்டிவரும். துருப்பிடிக்காத எஃகு விலை கூடியது, எளிதில் வளையாதது. பாறை நிறைந்த ஆழமற்ற ஏரிகளுக்கு அலுமினியமே போதும்.

உயரமும் கணக்கில் சேரும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு சக்தியை எஞ்சின் இழக்கிறது. மின்னசோட்டாவின் மின்னடோங்கா ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 929 அடி; கலிபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள தாஹோ ஏரி சுமார் 6225 அடி. முதலாவதில் சரியாக ஓடிய படகை இரண்டாவதற்குக் கொண்டுபோனால் சக்தியில் 16 விழுக்காடு போய்விடும். குறைந்தது இரண்டு அங்குலப் பிட்ச் குறைக்காமல் அங்கே ஓட்டுவது எஞ்சினுக்குக் கேடு.

ஆர்பிஎம் குறைந்தாலும் கூடினாலும் உடனே புரொப்பெல்லரைக் குறைசொல்லிவிடக் கூடாது. அனலாக் டேக்கோமீட்டரின் பின்புறம் எஞ்சினுக்கேற்பத் திருப்பி வைக்கும் சிறிய திருகு ஒன்று உண்டு. அது தவறான எண்ணில் நின்றால் மீட்டரில் தெரிவதெல்லாம் பொய்க் கணக்கு. கணினி இணைப்பின் வழியாக எஞ்சினே காட்டும் எண்ணோடு அதை ஒப்பிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். பருவம் முழுதும் நீரிலேயே கிடந்த படகின் குழாய்களில் பாசியும் வரிச்சிப்பியும் படிந்திருக்கலாம். ஹப்பின் ரப்பர் நழுவினால் ஆர்பிஎம் ஏறும், படகு நகராது. இவற்றைச் சரிசெய்யாமல் பிட்சை மாற்றினால் ஒரு பழுதின் மேல் இன்னொன்றை ஏற்றியதாகும்.

சோதனை ஓட்டத்தைப் படகை ஒப்படைக்கும் முன்பே, வாங்குபவர் வழக்கமாக ஏற்றும் ஆட்களின் எடைக்கு ஈடாக மணல் மூட்டையோ நீர்ப் பையோ வைத்துச் செய்ய வேண்டும். ஆளில்லாத படகை மட்டும் ஓட்டிவிட்டுக் கையெழுத்திடும் பழக்கத்தை விற்பனை நிலையங்கள் கைவிட்டாக வேண்டும். எரிபொருள் பாதித் தொட்டி, அமைதியான நீர், எதிரெதிர்த் திசையில் இரண்டு ஓட்டம், எஞ்சினைச் சிறிது சிறிதாக மேலே ட்ரிம் செய்து கிடைக்கும் உச்ச ஆர்பிஎம், ஜிபிஎஸ் வேகம் ஆகியவை பதிவாக வேண்டும். அதே தாளில் புரொப்பெல்லரின் எண், கியர் விகிதம், ஆட்களின் எண்ணிக்கை, ஏரியின் உயரம் ஆகியவையும் இருந்தால் அடுத்து வரும் மெக்கானிக் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

புதிய புரொப்பெல்லரைப் பூட்டும்போது, தண்டில் சுற்றிக்கிடக்கும் தூண்டில் நரம்பை அகற்றுவது அவசியம். அது சீலை அறுத்துக் கியர் எண்ணெய்க்குள் தண்ணீரை விட்டுவிடும். பல்வரிகளில் கடலுக்கான கிரீஸ் தடவி, நட்டைத் தயாரிப்பாளர் குறித்த டார்க்குக்கு முடுக்கி, பூட்டுத் தகட்டை மடக்க வேண்டும். சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் நட்டின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.