சட்டத்தரணியின் வரவு இடாப்பு

முப்பது ஆண்டுகளுக்கு முன் சட்டம் கற்றுத் தேறிய ஒருவர் இன்று ஓர் ஏழைக் குடும்பத்தின் காணி வழக்கை நடத்துகின்றார். இடையில் சட்டம் எத்தனையோ முறை மாறியிருக்கும். அம்மாற்றங்களை அவர் கற்றறிந்தாரா என்பதைக் கட்சிக்காரர் எங்ஙனம் அறிவது? எந்நாட்டுக்கும் பொதுவான இவ்வினாவுக்கு விடையாக, தொழில் புரியும் சட்டத்தரணிகளும் தொடர்ந்து கற்றல் வேண்டும் என அமெரிக்காவின் மினசோட்டா, அயோவா மாநிலங்கள் 1975 இல் முதன்முதலாக விதித்தன.

இன்று நியூயோர்க் மாநிலத்தில் நிலவும் முறையை நோக்குவோம். அங்கே தொழிலிற் பழகிய சட்டத்தரணி இரண்டாண்டுக்கு 24 மணி நேரம் கற்றல் வேண்டும். (மணி என்பது 50 நிமிடமே!) அவற்றுள் 4 மணியேனும் தொழிலொழுக்கம் பற்றியதாதல் வேண்டும். ஈராண்டுக்கொருமுறை, தம் பிறந்தநாளிலிருந்து 30 நாட்களுக்குள், பதிவைப் புதுப்பிக்கும்போது, விதித்தவாறு கற்றுவிட்டதாக அவரே உறுதிகூறுகின்றார். அத்தாட்சிப் பத்திரங்களை உடன் அனுப்புவதில்லை. நான்காண்டுகள் தம்மிடமே வைத்திருந்து, கேட்கும்போது காட்டினாற் போதும். ஆகவே அறிக்கை என்பது அவர் வாக்கேயாம். பிறர் சத்தியத்தைக் குறுக்கு விசாரணை செய்து பிழைப்பவரின் சத்தியம் அது. பொய்யெனத் தெளிந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவார்.

பதிவு செய்யப்பட்ட விரிவுரைகளைக் கேட்போருக்கு ஒரு பொறியும் வைத்திருக்கின்றனர். இடையிடையே தோன்றும் குறிச்சொல்லை எழுதி அனுப்பினாலன்றிப் பத்திரம் கிடையாது. பின்வரிசையில் உறங்கும் மாணவனை எழுப்ப நாம் திடீரெனக் கேள்வி கேட்பதில்லையா?

இங்கிலாந்தில் சொலிசிட்டர்மார் ஆண்டுக்கு 16 மணி கற்கவேண்டும் என்றிருந்த விதி, 2016 நவம்பரில் முற்றாக நீக்கப்பட்டது. தம் தொழிற்றிறனை ஆராய்ந்து, குறையுள்ளதைக் கற்றுத் திருத்திக்கொண்டதாக ஆண்டுதோறும் அவர்கள் உறுதிகூறுதல் போதும். கொள்கை உயர்ந்ததே. ஆனால் மணிக்கணக்கைச் சரிபார்க்கலாம். சிந்தனையைச் சரிபார்ப்பது எவ்வாறு?

அதற்காக மணிக்கணக்கை முழுதாக நம்பவும் நம்மால் இயலவில்லை. இடாப்பில் வரவு பெற்ற மாணவர் அனைவரும் பாடம் கற்றவரல்லர் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். நியூயோர்க்கில் ஒழுக்கம் முதலிய சில பாடங்கள் நீங்கலாக எஞ்சிய மணிகளை விரும்பிய துறையிற் செலவிடலாம். வரிச்சட்டத்தையே கேட்டு அம்மணிகளை நிரப்பியவர் காணி வழக்கையும் ஏற்று நடத்தலாம். அவர் இறுதியாக எதனைக் கற்றார் என்பதைக் கட்சிக்காரரே கேட்டுத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.