எஞ்சின் மாறியதால் வண்டியின் பழமை போய்விடாது

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட திருத்தம், முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' எனப்படும் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய நாடு முழுவதற்கும் ஒரே வழியை வகுத்தது. பத்தாண்டுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று கட்டணம் வைத்ததிலும், கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் இறங்கலாம் என்று வரையறுத்ததிலும் பெரிய குறை காண முடியாது. ஆனால் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகிய எதிலும் மாற்றம் இன்றி வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, இந்திய வண்டிகள் உண்மையில் வாழ்ந்த வாழ்க்கையைக் கணக்கில் கொள்ளவில்லை.

கேரளத்தின் தெற்கு முனையில் உள்ள திருப்புறம், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய அம்பாசடர்களும் ஜீப்புகளும் செல்வர்களின் சேகரிப்புக்காக வாங்கப்பட்டவை அல்ல. வாடகைக்கும் ரப்பர், மரச்சீனிச் சுமைக்கும் ஓடியவை. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறியபோது, இத்தகைய வண்டிகளில் டீசல் எஞ்சினைப் பொருத்துவது கேரளத்தில் வழக்கமாயிற்று. வண்டி பிழைத்ததே அந்த மாற்றத்தால்தான். பிழைக்க வைத்த அதே மாற்றத்தைக் காட்டி, திருவனந்தபுரத்தின் பழைய 'கே.எல்.டி.' பதிவெண்ணைத் தாங்கிய வண்டியைத் தொன்மைப் பட்டியலிலிருந்து விலக்குவது முரண்.

இந்த முரண் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வேறு எரிபொருளில் இயங்குவதற்காக எஞ்சினை மாற்றுவதை நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வண்டித் திருத்தங்களுக்கு எதிராக அளித்த தீர்ப்பைச் சுட்டி, விதியைத் தளர்த்தினால் மனம்போன மாற்றங்கள் பெருகும் என்று சிலர் வாதிடக்கூடும். அந்த அச்சம் நேற்றுப் பொருத்திய அகலச் சக்கரத்துக்கும் அலறும் சைலன்சருக்கும் பொருந்தும். அதிகாரியின் ஒப்புதலுடன் செய்யப்பட்டு, பல பதிற்றாண்டுகளுக்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தில் ஏறிவிட்ட எஞ்சின் மாற்றத்துக்குப் பொருந்தாது.

பிரிட்டனில், திருத்தப்பட்ட வண்டி தன் பதிவு எண்ணைத் தக்கவைக்கலாமா என்று தீர்மானிக்க நெடுங்காலம் பயன்பட்ட மதிப்பெண் முறையில் அடிச்சட்டத்துக்கு 5 புள்ளிகள். எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. அங்கு 40 ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்குத் தரும்போதும், கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் நடந்ததா என்றே பார்க்கிறார்கள். ஜெர்மனியோ 30 ஆண்டு கடந்த வண்டிக்கு 'எச்' எண்பலகை தந்து, அந்தக் காலத்துக்கு இயல்பான மாற்றங்களை ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 192 யூரோ என்ற நிலையான வரியை வாங்குகிறது. வண்டியின் அடையாளம் அடிச்சட்டத்தில் இருக்கிறது என்பதே இவற்றின் அடிப்படை. பூட்டான் வழியாக வந்த வண்டிகள் போலி ஆவணங்களுடன் பதிவாயின என்ற ஐயத்தில் 2025 செப்டம்பரில் சுங்கத்துறை கேரளத்தில் நடத்திய சோதனைகளுக்குப் பிறகு, அடிச்சட்ட எண்ணைக் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. கண்டிப்பு அங்கே இருக்கட்டும்.

தொன்மைத் தகுதி கிடைக்காத வண்டி சாதாரணப் பழைய வண்டியாகவே கருதப்படுகிறது. 20 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க மத்திய அரசு 2025 ஆகஸ்டில் நிர்ணயித்த கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 80,000. இதன்மேல், 15 ஆண்டு கடந்த தனியார் கார்களின் வரியைக் கேரளம் தன் 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் 50 விழுக்காடு உயர்த்தியது. மாதம் ஒருமுறை கொட்டகையை விட்டு வெளியே வரும் வண்டியும் நாள்தோறும் புகை கக்கும் வண்டியும் இக்கணக்கில் ஒன்றே. எல்லையூரான களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்நாட்டில் வாழும் உறவினரிடமிருந்து 'டி.என். 75' வண்டியைப் பெறும் திருப்புறத்துக் குடும்பத்துக்குத் தடையின்மைச் சான்று, மறுபதிவு, கேரள வரி என்று அலைச்சலும் கூடுகிறது. 1956-இல் வரையப்பட்ட மாநில எல்லைக்கு இவ்வட்டாரம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் கப்பங்களில் இதுவும் ஒன்று.

ஆகவே, 30 ஆண்டுகளுக்கு முன் ஒப்புதலுடன் செய்யப்பட்டுப் பதிவேட்டில் ஏறிய எஞ்சின் மாற்றம் தகுதியைக் கெடுக்காது என்று மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும். அதுவரை கேரளம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை: வாகன வரி அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ள அதிகாரம்; அடிச்சட்டமும் உடற்கூடும் மாறாத, 50 ஆண்டு கடந்த, வரையறுக்கப்பட்ட பயன்பாட்டுக்கு உடன்படும் வண்டிகளுக்குக் குறைந்த நிலையான வரியை மாநில அரசே அறிவிக்கலாம்.