மயக்க ஊசி இல்லாமல் கொலோனோஸ்கோபி: காற்றா, கார்பன் டை ஆக்சைடா, தண்ணீரா?

கொலோனோஸ்கோபி என்றதும் பலருக்கு முதலில் வரும் கேள்வி, 'வலிக்குமா?' என்பதுதான். 'மயக்க ஊசி போட்டுத்தான் செய்வாங்க, ஒண்ணும் தெரியாது' என்று பதில் வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஊசிக்கு ஒரு விலை இருக்கிறது. பரிசோதனை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மயக்க மருந்து எடுத்தவரோ அன்று வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான கையெழுத்து போடக் கூடாது. வீட்டுக்கு அழைத்துப் போக ஒருத்தர் கூட வரணும். அதாவது இரண்டு பேர் லீவு போடணும்.

உலகின் சில நாடுகளில் இந்தப் பரிசோதனையை மயக்க மருந்து இல்லாமலே செய்வது சாதாரணம். நார்வேயும் பின்லாந்தும் நல்ல உதாரணங்கள். அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே மயக்கத்தில் செய்வதுதான் வழக்கம். இரண்டு இடத்திலும் குடல் ஒன்றுதான், கருவியும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் பழக்கத்திலும், கையாளும் முறையிலும் இருக்கிறது.

வலி எங்கிருந்து வருகிறது?

குழாய் உள்ளே போவதால்தான் வலி என்று நினைக்கிறோம். உண்மையில் குடலின் உட்சுவரில் தொட்டாலோ, பாலிப் எனப்படும் சிறு வளர்ச்சியை வெட்டினாலோ கூட பொதுவாக வலி தெரியாது. குடல் உப்பும்போதும், இழுபடும்போதும்தான் வலிக்கும்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். மலக்குடலைத் தாண்டியதும் வரும் 'சிக்மாய்டு' பகுதி வளைந்து நெளிந்து, வயிற்றுக்குள் தளர்வாகத் தொங்கும். குழாயைத் தள்ளும்போது அது இந்த இடத்தில் சுருண்டு வளையமாகிவிடும். மேலும் தள்ளினால் முனை முன்னேறாது, வளையம்தான் பெரிதாகும். குடலைத் தாங்கும் சவ்வு இழுபடும். நோயாளி 'அம்மா' என்று கத்துவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

பாதையைப் பார்க்க டாக்டர் காற்றை உள்ளே செலுத்துகிறார். காற்று குடலை விரிப்பதோடு நீளவும் வைக்கிறது, வளைவுகள் இன்னும் கூர்மையாகின்றன. எனவே மயக்கம் இல்லாமல் செய்ய வேண்டுமானால், கேள்வி ஒன்றுதான்: குடலுக்குள் எதைச் செலுத்துவது?

முறை 1: சாதாரணக் காற்று

பழைய முறை. தனிச் செலவு இல்லை. ஆனால் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். அதைக் குடல் எளிதில் உறிஞ்சாது. பரிசோதனை முடிந்து மணிக்கணக்கில் வயிறு உப்பிசமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முறை 2: கார்பன் டை ஆக்சைடு

இந்த வாயுவைக் குடல் சுவர் வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். ரத்தம் வழியே நுரையீரலுக்குப் போய் மூச்சோடு வெளியேறிவிடும். நார்வேயில் புற்றுநோய்த் தடுப்புத் திட்டத்துக்குள்ளேயே இதைக் காற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2002ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பரிசோதனைக்குப் பிந்தைய வலி கார்பன் டை ஆக்சைடு பெற்றவர்களுக்குத் தெளிவாகக் குறைந்தது. பாதுகாப்பிலும் பிரச்சினை தெரியவில்லை.

ஒரு வரம்பு உண்டு. இதன் பெரிய பலன் பரிசோதனை முடிந்த பிறகுதான். குழாய் உள்ளே போகும்போது இதுவும் குடலை விரிக்கத்தான் செய்யும். வளையம் உருவாவதை இது தடுக்காது.

முறை 3: தண்ணீர்

காற்றே இல்லாமல், வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு வழி கண்டுபிடிக்கும் முறை. நோயாளி இடப்பக்கமாகப் படுத்திருக்கும்போது தண்ணீரின் எடை சிக்மாய்டு பகுதியைக் கீழே இழுத்து ஓரளவு நேராக்குகிறது. குடலும் தேவைக்கு மேல் விரிவதில்லை.

இதில் இரண்டு வகை. 'வாட்டர் இம்மெர்ஷன்' முறையில் விட்ட தண்ணீரை, பெரும்பாலும் குழாயை வெளியே எடுக்கும்போது உறிஞ்சுவார்கள். 'வாட்டர் எக்ஸ்சேஞ்ச்' முறையில் உள்ளே போகும்போதே கலங்கிய நீரை உறிஞ்சி, தெளிந்த நீரை விட்டுக்கொண்டே முன்னேறுவார்கள். காற்று சுத்தமாகக் கிடையாது; குடலும் அப்போதே கழுவப்பட்டுவிடும்.

இரண்டாவது முறையை வளர்த்தெடுத்ததில் முக்கியப் பங்கு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் உள்ள முன்னாள் ராணுவத்தினருக்கான செபுல்வேடா மருத்துவ மையத்தில் பணியாற்றிய டாக்டர் பெலிக்ஸ் லியுங்குக்கு உண்டு. அங்கே மயக்கமில்லா பரிசோதனை தொடங்கியதற்கு ஒரு பெரிய தத்துவம் காரணமில்லை. போதுமான செவிலியர்கள் இல்லை. மயக்க மருந்து கொடுத்தவரைக் கண்காணிக்க ஆள் வேண்டுமே. தட்டுப்பாட்டில் பிறந்த தேவை ஒரு முறையைச் செம்மைப்படுத்தியது.

அப்படியானால் எது சிறந்தது?

உள்ளே போகும்போது வலி குறைவாக இருக்க வேண்டும் என்றால், ஒப்பீட்டு ஆய்வுகளில் வாட்டர் எக்ஸ்சேஞ்ச் முன்னணியில் நிற்கிறது. வாட்டர் இம்மெர்ஷன் அடுத்தது. பரிசோதனைக்குப் பிந்தைய உப்பிசத்துக்கு கார்பன் டை ஆக்சைடு நல்லது. உள்ளே போகத் தண்ணீர், வெளியே வரும்போது குடலை விரித்துப் பார்க்க கார்பன் டை ஆக்சைடு என்று இரண்டையும் சேர்ப்பவர்களும் உண்டு.

வலியை விட முக்கியமான இன்னொரு விஷயமும் இருக்கிறது. 'அடினோமா' எனப்படும், பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப்களை எத்தனை பேரிடம் ஒரு டாக்டர் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் இந்தப் பரிசோதனையின் தர அளவுகோல். அமெரிக்காவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை அலசி 2014ல் வெளியான ஆய்வில், இந்த விகிதம் 1 சதவீதப் புள்ளி உயர்ந்தால் பின்னாளில் புற்றுநோய் வரும் அபாயம் 3 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. வாட்டர் எக்ஸ்சேஞ்ச் முறையில் இந்த விகிதம் காற்று முறையை விட உயர்வதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சுத்தமான குடலில் சின்னதும் கண்ணில் படும்.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே போகச் சில நிமிடங்கள் கூடுதலாகும். டாக்டருக்குப் பயிற்சி வேண்டும். கூட்டம் அதிகமான மருத்துவமனையில் அந்தச் சில நிமிடங்களே பெரிய தடை.

எல்லோருக்கும் இது சரிவருமா?

வராது. மிகவும் ஒல்லியானவர்கள், கருப்பை அகற்றும் அறுவை போன்ற சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடல் எரிச்சல் பிரச்சினை உள்ளவர்கள், கடும் பதற்றம் கொண்டவர்கள் ஆகியோருக்கு வலி அதிகமாக இருக்கலாம். இவர்கள் மயக்க மருந்து கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 'பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கோங்க' என்பது சிகிச்சை முறை அல்ல.

நல்ல மையங்களில் நடுவழி ஒன்று உண்டு. கையில் ஊசி வழியைத் தயாராக வைத்து, மருந்து இல்லாமல் தொடங்குவார்கள். நோயாளி கேட்ட நிமிடம் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் நோயாளியே முகர்ந்துகொள்ளும் நைட்ரஸ் ஆக்சைடு - ஆக்சிஜன் கலவை புழக்கத்தில் உள்ளது. அதன் தாக்கம் சீக்கிரம் விலகிவிடும்.

இது ஏன் முக்கியம்?

போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் நடந்த 'நார்டிக்' ஆய்வின் முடிவு 2022ல் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர்தான் வந்தார்கள். அப்படியிருந்தும், 10 ஆண்டுகளில் பெருங்குடல் புற்றுநோய் வரும் அபாயம் அழைக்கப்பட்ட குழுவில் 0.98 சதவீதம், அழைக்கப்படாத குழுவில் 1.20 சதவீதம். வராதவர்கள் வந்திருந்தால் பலன் இன்னும் கூடியிருக்கும். மயக்க மருந்தை அதிகம் நாடாத நார்வேயில் வந்தவர்கள் சுமார் 60 சதவீதம். இதை வைத்து மருந்து இல்லாததால்தான் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மருந்து இல்லையென்றால் மக்கள் ஓடிவிடுவார்கள் என்ற வாதம் அடிபட்டுப் போகிறது.

இந்தியாவின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய 3 புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை. பெருங்குடல் அதில் இல்லை. இங்கே கொலோனோஸ்கோபி என்பது பெரும்பாலும் அறிகுறி வந்த பிறகு, அப்பாவையோ அம்மாவையோ அழைத்துப் போகும் ஒரு நாள். வயதானவருக்கு இதயம் அல்லது நுரையீரல் பிரச்சினை இருந்தால், மயக்க மருந்தால் மூச்சும் ரத்த அழுத்தமும் குறையும் அபாயம் கூடுகிறது. அப்போது இந்தத் தேர்வு இன்னும் பெரிதாகிறது.

எனவே தேதி வாங்கும்போதே மூன்று கேள்விகள் கேட்கலாம். மயக்க மருந்து இல்லாமல் தொடங்க முடியுமா? காற்றா, கார்பன் டை ஆக்சைடா, தண்ணீரா? வலித்தால் உடனே மருந்து கிடைக்குமா? மயக்கம் வேண்டும், வேண்டாம் என்பதில் எந்த முடிவும் தவறில்லை. ஆனால் அந்த முடிவு நோயாளியைக் கேட்டு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இன்று பலரிடம் அந்தக் கேள்வியே கேட்கப்படுவதில்லை என்பதுதான் மாற வேண்டிய விஷயம்.