மகன் பந்தயத்துக்குப் போகிறேன் என்கிறான்



இப்பக்கத்தை எழுதுபவன் என்பதால் என்னைத் தேடி வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு வழக்குகளையே கொண்டு வருவர். ஒன்று மக்களின் படிப்பு. மற்றொன்று அவர்களின் திருமணம். சென்ற ஆண்டு தென்னேரியிலிருந்து வந்த நண்பர் கொண்டு வந்ததோ நான் அதுவரை கேட்டிராத வழக்கு.

"அண்ணே, பையன் கார்ப் பந்தயத்துக்குப் போகிறேன் என்கிறான். நீங்கள்தாம் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்றார்.

நண்பர் தென்னேரிப் பெரிய ஏரியின் பாசனத்தில் நெல் பயிரிடுபவர். ஒரே மகன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். கடன் வாங்கிப் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கியிருந்தான். தவணை இன்னும் முடியவில்லை. அந்தக் காரைத்தான் பந்தயத்தில் ஓட்டப் போகிறானாம்.

நண்பரின் மனைவியும் உடன் வந்திருந்தார். அவர் பேசியது சில சொற்களே. "எங்கள் தெருவிலே ஒரு பிள்ளை, அண்ணா. யார் முந்துவது பார்க்கலாம் என்று இரவிலே பெரிய ரோட்டுக்குப் போனான். அவனுடைய செருப்பு இன்றைக்கும் அந்த வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அதை எடுத்து வைக்க அவன் தாய்க்கு மனம் வரவில்லை." இதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

அடுத்த ஞாயிறு மாலை மகனை அழைத்துப் பேசினேன். பணிவுள்ள பிள்ளை. கண்டிப்பதற்கு முன் கேட்பது முறை என்று எண்ணி, "அது என்ன பந்தயம், சொல்" என்றேன்.

அவன் விரும்பியது 'டிராக் ரேஸ்' எனப்படும் நேரோட்டப் பந்தயம். வளைவுகள் இல்லை, சுற்றுகளும் இல்லை. நேரான தடத்தில் இரண்டு கார்கள் பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும். விளக்குக் கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் எரிந்து பச்சை வந்ததும் இரண்டும் கிளம்பும். கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் தூரத்தை முதலில் கடப்பவர் வென்றவர். பச்சை வருமுன் கிளம்பினால் சிவப்பு எரியும். அந்த ஓட்டம் தோல்வி. சாதாரணக் குடும்பக் கார் இத்தூரத்தைக் கடக்கப் பதினெட்டு நொடி அளவில் ஆகும். ஒரு தம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிக்கும் நேரம்!

"இந்தப் பதினெட்டு நொடிக்காகவா உன் தாய் உறங்காமல் இருக்கிறார்?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "இரவில் நண்பர்களோடு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்ததுண்டா?"

நெடுநேரம் தலை கவிழ்ந்திருந்தான். "இரண்டு முறை, ஐயா. அதனால்தான் முறையான இடத்துக்குப் போக வேண்டும் என்கிறேன்."

வாசகர்களே, தாயின் அச்சம் நியாயமானது. ஆனால் அது தவறான வாயிலில் காவல் நின்றது. மகன் வெளிப்படையாகச் சொன்ன பந்தயத்தை அவர் அஞ்சினார். சொல்லாமல் செய்ததையன்றோ அஞ்சியிருக்க வேண்டும்!

இந்த விளையாட்டின் வரலாறும் இதையே கூறுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய கார்களைத் தம் கையாலேயே செப்பனிட்டு, முதலில் வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டினர். பின்னர் ஊர்த் தெருக்களிலும் ஓட்டினர். உயிர்கள் மாய்ந்தன. தடை மட்டும் போதாது, இடமும் தர வேண்டும் என்று சிலர் எண்ணினர். 1950-இல் சான்டா அனா என்னும் ஊரின் விமான ஓடுதளத்தில் முறையான போட்டிகள் தொடங்கின. மறு ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவில் ஒரு சங்கத்தை நிறுவி விதிகளை வகுத்தார். 1953-இல் பொமோனா என்னும் ஊரில் அச்சங்கத்தின் முதற் போட்டி, அவ்வூர்க் காவல்துறையின் ஒத்துழைப்போடு நடைபெற்றது.

நம் நாட்டுக் கதையும் இதற்கு வெகு தொலைவன்று. அதே 1953-இல்தான் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளமொன்று சோழவரத்தில் இருந்தது. அங்கே நடந்த பந்தயங்களைக் காணத் திரண்ட கூட்டத்தை மூத்த வாசகர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். வீட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றி வந்த அம்பாசிடரும் பியட்டும் ஹெரால்டும் அங்கே சீறிப் பாய்ந்தன. 1990-இல் நம் தென்னேரிக்கு அண்மையிலேயே, இருங்காட்டுக்கோட்டையில், நிலையான பந்தயத்தடம் திறக்கப்பட்டது. அங்கே இருசக்கர வண்டிகளுக்கான தேசிய நேரோட்டப் போட்டிகளும் நடந்துள்ளன. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் நம் கோயம்புத்தூர்க்காரர்.

ஆகவே வேக விருப்பத்தையே குற்றமாகக் கொள்வதற்கில்லை. களத்துக்கும் சாலைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பிள்ளைகள் உணர வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 33 மீட்டர் கடக்கும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். களத்தில் அதற்கென முடிவுக்கோட்டுக்கு அப்பால் வெற்றுத் தடம் விட்டிருப்பார்கள். நெடுஞ்சாலையில் அந்த இடத்தில் இருப்பது என்ன? விளக்கில்லாத டிராக்டர், வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி, குறுக்கே வரும் மாடு. சட்டமும் இதை அறியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி, அரசின் எழுத்து மூலமான இசைவின்றிச் சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதன்முறை பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ. 5,000 வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கக் கூடும்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லி அவனுக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தேன். முதலாவது, தேசிய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் பெற்று, அதன் விதிப்படி நடக்கும் போட்டிக்கே செல்ல வேண்டும். இரண்டாவது, சொந்தக் காருக்கான சாதாரணக் காப்பீடு பந்தயச் சேதத்தை ஏற்காது. கார் நொறுங்கினாலும் தவணை நிற்காது. அதைக் கட்டும் வழியை முன்பே எண்ணிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, அந்த இரண்டு இரவுகளைப் பற்றித் தந்தையிடம் அவனே சொல்ல வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைக்குத்தான் அவன் முகம் வாடியது. எனினும் சொல்லியிருக்கிறான். தந்தை இரண்டு நாள் அவனோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள், "நானும் வருகிறேன்" என்றாராம்.

வெளிமாநிலத்தில் ஒரு விமான ஓடுதளத்தில் போட்டி. இருவரும் அதே காரில் சென்றனர். திரும்பி வந்து நண்பர் கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறேன்:

"அண்ணே, ஓட விடுவதற்கு முன்னே காரைச் சோதித்தார்கள். பேட்டரியைப் பிடித்திருக்கும் கட்டு தளர்ந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அதைச் சரிசெய்து போனால், சீட்டுக்கு அடியில் கிடந்த தண்ணீர்ப் புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார் ஓர் அதிகாரி. 'இது உருண்டு பிரேக் மிதியின் கீழே போனால் என்ன செய்வாய்?' என்று கேட்டார். பையன் விழித்தான். அண்ணே, அந்தப் புட்டி எத்தனை நாளாக அங்கே கிடந்ததோ! அந்த இரண்டு இரவுகளிலும் கிடந்திருக்குமே என்றுதான் எனக்குத் தோன்றியது. கை நடுங்கிவிட்டது."

பயிற்சி ஓட்டத்தில் மகன் அவசரப்பட்டுச் சிவப்பு விளக்கு வாங்கினான். போட்டியில் அவனுடைய கார் தூரத்தைக் கடந்த நேரம் 18.3 நொடி, எதிரியின் கார் எடுத்தது 18.5 நொடி. ஆயினும் தோற்றவன் இவனே! காரணம் என்ன? கார் நகரத் தொடங்கியது முதல்தான் அந்த நேரம் கணக்கிடப்படுகிறது. பச்சையைக் கண்டு கிளம்ப எதிரிக்கு 0.6 நொடியும், சிவப்புக்கு அஞ்சிய இவனுக்கு 1.1 நொடியும் ஆயின. கூட்டிப் பாருங்கள்: 19.1-க்கு எதிராக 19.4. வேகமான கார் தோற்றது. விழிப்பான கண் வென்றது.

சொந்தக் காரோடு வரும் எளியவர்களுக்கென அமெரிக்காவில் வேறொரு முறையும் வழங்குகிறது. தன் கார் எத்தனை நொடியில் ஓடும் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மெதுவான காருக்கு அந்த வேறுபாட்டின் அளவு முந்திக் கிளம்பும் சலுகை உண்டு. ஆனால் அறிவித்ததைவிட வேகமாக ஓடினால் தோல்வி! சலுகைக்காகத் தன்னைக் குறைத்துச் சொல்லவும் இயலாது. பெருமைக்காகக் கூட்டிச் சொல்லவும் இயலாது. தன் வண்டியின் உண்மையை அறிந்து, அதை அப்படியே சொல்பவனே அங்கு வெல்கிறான். இவ்விதியை அந்த இளைஞனுக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "அப்பாவிடம் உண்மையைச் சொல்வதைவிட அது எளிது, ஐயா" என்றான்.

நண்பர் விடைபெறும்போது மற்றொன்று சொன்னார். "ஏரியில் தண்ணீர் வந்துவிட்டதே என்று யாராவது அழுவார்களா, அண்ணே? கரை உறுதியா, மதகு சரியா, மிஞ்சிய நீர் போகக் கலங்கல் இருக்கிறதா என்றல்லவா பார்க்கிறோம்! பையன் விஷயத்தில் நான் தண்ணீரைப் பார்த்துப் பயந்தேன், கரையைப் பார்க்கவில்லை." நான் புத்தி சொல்லப் போய்ப் புத்தி பெற்றேன்.

தாயின் மனம் முற்றும் ஆறிவிட்டது என்று கூறமாட்டேன். மகன் அடுத்த போட்டிக்குப் பணம் சேர்க்கிறான். அவர் இன்னும் அஞ்சுகிறார். ஆனால் இரவில் கார் வெளியே கிளம்பினால், "எங்கே போகிறாய்?" என்று கேட்கிறார், அவனும் உண்மையைச் சொல்கிறான். முன்பு அவ்வீட்டில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

பந்தயத்தடம் வைத்திருப்போருக்கும் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வசதி படைத்தவர்க்கு மட்டுமின்றி, தவணையில் கார் வாங்கிய தொழிலாளிக்கும் ஆண்டில் சில மாலைகளை எளிய கட்டணத்தில் ஒதுக்குங்கள். அமெரிக்காவில் சில ஊர்களில் காவலர்களே களத்தில் இறங்கி இளைஞர்களோடு ஓட்டுகின்றனர். இங்கும் அது இயலாததன்று.

பெற்றோரே, உங்கள் பிள்ளை வேகத்தைப் பற்றி உங்களிடம் பேசினால் வாயை அடைத்துவிடாதீர்கள். பேசுகிற பிள்ளையைக் காக்க வழி உண்டு. எங்கே ஓட்டுகிறான், யாரோடு ஓட்டுகிறான் என்று கேளுங்கள். இன்று மாலையே உங்கள் வீட்டு வண்டியின் சீட்டுக்கு அடியிலும் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள்.